வாசகர் கேள்வி – பதில்: ‘கௌரவம்’ பாரிஸ்டர் மேடை ஏறும்போது

கேள்வி: எங்கள் நாடகக் குழு அடுத்து கோர்ட் நாடகம் போடுகிறது. வக்கீலாக வருபவர் ‘கௌரவம்’ படத்தில் சிவாஜி செய்த பாரிஸ்டர் ரஜினிகாந்த் பாத்திரத்தை அப்படியே எடுத்துச் செய்கிறார். ஒத்திகை பார்த்தவர்கள் ‘மிமிக்ரி மாதிரி இருக்கு’ என்கிறார்கள். எங்கே தப்பு?
– நாடகக் குழுவினர், வியாசர்பாடி

பதில்: கர்ஜனையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருக்கும் அடக்கத்தை விட்டுவிட்டார். மிமிக்ரி கலைஞர்கள் எல்லோரும் செய்வதும் இதைத்தான். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் பேசினால், பிறகு குரல் ஏற இடமே இல்லை. மேலே தொங்கும் மைக்கும் இரையும், வசனம் புரியாது. ஒரு காட்சிக்கு ஓர் இடத்தில் மட்டும் குரலை உயர்த்தச் சொல்லுங்கள். மற்ற வாக்கியங்களின் கடைசிச் சொல் கீழே இறங்கி, வெட்டினாற்போல் நிற்க வேண்டும்.

1973-ல் வந்த அந்தப் படத்தை எழுதி இயக்கியவர் வியட்நாம் வீடு சுந்தரம். ‘கண்ணன் வந்தான்’ என்ற மேடை நாடகம்தான் அதற்கு மூலம். ஆகவே அந்தப் பாத்திரம் மேடைக்கு அந்நியம் இல்லை. ஆனால் அதன் உயிர் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். நீதிபதி பதவி தனக்குக் கிடைக்காத ஆத்திரத்தில், கொலை வழக்கில் சிக்கிய மோகன்தாஸ் குற்றவாளி என்று தெரிந்தே பாரிஸ்டர் வாதாடி விடுதலை வாங்கித் தருகிறார். இரண்டாவது வழக்கில் அதே மோகன்தாஸ் நிரபராதி. இப்போது எதிரே அரசு வக்கீலாக நிற்பவன், தான் வளர்த்த கண்ணன். முதல் வழக்கில் பொய்யை ஜெயிக்க வைத்த அதே மிடுக்கு, இரண்டாவதில் உண்மையைக்கூடக் காப்பாற்ற முடியாமல் திணறுகிறது. சிவாஜியின் சாதனை என்று நாங்கள் நினைப்பது இதைத்தான். உங்கள் நடிகர் இரண்டு வழக்குக்கும் ஒரே குரலில் பேசினால் பாத்திரமே போச்சு.

அடுத்து, பாரிஸ்டர் புகைபிடிக்கும் பைப் விஷயம். அது வெறும் அலங்காரம் இல்லை. பேச்சை நிறுத்தி, எதிராளியைக் காக்க வைக்க உதவும் கருவி. பல்லில் கடித்துக்கொண்டு வசனம் பேசினால் ழகரமும் றகரமும் குழைந்துவிடும். பேசும்போது கிண்ணப் பகுதியை உள்ளங்கையில் பிடித்து இறக்கிவிட வேண்டும், நிறுத்தும்போது வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அரங்கம் பொது இடம், பற்றவைக்க வேண்டாம். காலி பைப்பே போதும். அதுவும் வீட்டுக் காட்சிக்கு மட்டும்தான், கோர்ட் காட்சியில் கூடவே கூடாது.

குறுக்கு விசாரணையை எழுதும்போது ஒரு கேள்விக்கு ஒரே ஒரு தகவல் வையுங்கள். ‘நீங்கள் அங்கே இருந்தீர்கள்.’ ‘விளக்கு எரியவில்லை.’ ‘முகம் தெரியவில்லை.’ இப்படிப் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் குறுக்கு விசாரணையில் சட்டம் இடம் தருகிறது. தன் தரப்புச் சாட்சியை முதலில் விசாரிக்கும்போது பொதுவாக அப்படிக் கேட்க முடியாது. ‘ஏன்?’ என்று கேட்கிற வக்கீல் சாட்சிக்குப் பிரசங்கம் செய்ய வழிவிடுகிறார். அனுபவசாலி அதைத் தவிர்ப்பார். கூண்டருகே போய் விரலை ஆட்டுவதும் சினிமாதான். நிஜக் கோர்ட்டில் வக்கீல் தன் மேஜையருகே நின்று, நீதிபதியைப் பார்த்தபடிதான் பேசுவார். கூண்டை மேடையில் சாய்வாகப் போட்டுவிட்டால், சாட்சி முகமும் வக்கீல் முகமும் சபைக்குத் தெரியும், நடக்க வேண்டிய தேவையே வராது.

கேள்வி: அப்பா ஸ்தானத்தில் இருப்பவரும் மகனும் ஒரே வழக்கில் எதிரெதிரே வாதாட முடியுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடியும். உறவு என்பதற்காகத் தடை இல்லை. நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருக்கும் கோர்ட்டில் ஆஜராகக் கூடாது என்பதுதான் பார் கவுன்சில் விதி. ‘கௌரவம்’ படத்தில் முன்பு விடுதலையான மோகன்தாஸ் மேல் மறுபடி எப்படி வழக்கு என்றும் சிலர் கேட்பதுண்டு. இரண்டாவது வழக்கு வேறொரு சாவைப் பற்றியது. அதே குற்றத்துக்கு மறு விசாரணை கூடாது என்ற பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது.

கேள்வி: வக்கீல் உடுப்பில் என்னென்ன கவனிக்க வேண்டும்? நீதிபதிக்குச் சுத்தியல் தேவையா?
– நாடக ரசிகர், ராயபுரம்

பதில்: சுத்தியல் வேண்டாம். நம் கோர்ட்டுகளில் அது கிடையாது. சத்தம் எழுந்தால் நீதிபதி வாயால்தான் அடக்குவார்.

கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை இரண்டும் கட்டாயம். கவுன் ஹைகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் கட்டாயம், கீழ்க் கோர்ட்டில் விருப்பம். கவுன் தோளிலிருந்து நழுவி, நடிகர் இழுத்து இழுத்து விடுவது மேடையில் அடிக்கடி நடக்கும். கோட்டின் தோளோடு உள்பக்கமாக ஊக்கு குத்திவிடுங்கள். வெள்ளைப் பட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யாவிட்டால், மேடை வெளிச்சத்தில் துவண்டு கைக்குட்டை மாதிரி தெரியும். உங்களுக்குப் பாரிமுனை பக்கம்தானே, ஹைகோர்ட்டைச் சுற்றி விசாரித்தால் உடுப்பு கிடைக்கும். கவுனை முழங்காலுக்குக் கீழே இறங்குகிற அளவில் பார்த்து வாங்குங்கள். குட்டையாக இருந்தால் திரும்பும்போது வீச்சு வராது.