கர்ப்பிணிப் பெண் மீன் சாப்பிடலாமா?

முல்லைத்தீவில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: மீனில் பிளாஸ்டிக்கும் பாதரசமும் இருக்கிறதாம், மகள் கர்ப்பமாக இருக்கிறாள், மீனை நிறுத்தவா?

நிறுத்த வேண்டாம் அக்கா. எந்த மீன் என்று பார்த்துக் கொடுங்கள்.

கர்ப்பத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பாதரசம். நீரில் அது மெதில் பாதரசமாக மாறி, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். தசையிலேயே தங்குவதால் கழுவினாலும் பொரித்தாலும் போகாது, கருவாட்டிலும் இருக்கும். தாயின் இரத்தத்தில் இருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். அதனால் சுறா, தளபத்து, கொப்பரன் போன்ற பெரிய மீன்கள் இப்போது வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது எங்கள் வழக்கம்தான். கொடுப்பதானால் குட்டிச் சுறாவாகப் பாருங்கள், அதையும் எப்போதாவது. சூடை, நெத்தலி, திரளி, இறால், குளத்துத் திலாப்பியா எல்லாம் நல்லது. பிள்ளைக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு சூடையில் நிறைய இருக்கிறது.

சரி, பிளாஸ்டிக். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளுடன் மூழ்கியதில் இருந்து எல்லோருக்கும் இந்தப் பயம். மீன் விழுங்கும் பிளாஸ்டிக் துகள்கள் பெரும்பாலும் குடலில்தான் கிடக்கும். குடலை எடுத்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். நெத்தலியை முழுதாகப் போடாமல் தலையையும் குடலையும் கிள்ளிவிடுங்கள். கணவாயின் உள்ளுறுப்புகளிலும் நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மண்ணிறப் பகுதியிலும் கட்மியம் என்ற நச்சு உலோகம் சேரும், அவற்றையும் எறிந்துவிடுங்கள்.