ஆட்டோ சங்கர் சின்ன வயசுல எப்படிப்பட்டவன், எப்படி சீரியல் கில்லர் ஆனான்?

இந்தக் கேள்விய பாத்துட்டு ரெண்டு நாள் சும்மாதான் இருந்தேன். "ஆட்டோக்காரனா இருந்ததாலதான் அவனுக்கு பொண்ணுங்கள கடத்துறது ஈசியா இருந்துச்சு, அந்தக் காலத்துல ஆட்டோக்காரனுங்கள யாரு கேட்டா"ன்னு ஒருத்தர் பதில் எழுதி அதுக்கு நூத்துக்கணக்குல அப்வோட் வந்திருக்கறத பாத்ததும் சும்மா இருக்க முடியல. கேட்டவர் ஏதாவது வெப் சீரிஸோ யூடியூப் வீடியோவோ பாத்துட்டு கேட்டிருப்பீங்க, உங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா 88ல நான் திருவான்மியூர்ல பத்து வயசுப் பொண்ணு. எங்கப்பா ஆட்டோ டிரைவர். எங்க அண்ணன் பேரு சங்கர். இத சொல்லிட்டுதான் ஆரம்பிக்கணும்.

மொதல்ல நீங்க கேட்டது. அவன் பேரு கௌரி சங்கர். 1954ல வேலூர் பக்கத்துல காங்கேயநல்லூர்ல பொறந்தவன், கிருபானந்த வாரியார் பொறந்தாரே அதே ஊர். மெட்ராஸ் வந்து பெயிண்டர் வேலை பாத்தான், அப்புறம் ஆட்டோ ஓட்டினான். ஆட்டோல சவாரி ஏத்துறத விட சாராயம் ஏத்துனா காசுன்னு தெரிஞ்சதும் கடலோர கிராமங்கள்ல இருந்து கள்ளச்சாராயத்த திருவான்மியூருக்கு கொண்டு வர ஆரம்பிச்சான். சாராயத்துல வந்த காச வெச்சு பொம்பளைங்கள வெச்சு தொழில் பண்ணான். பெரியார் நகர்ல அவன மீறி ஒண்ணும் நடக்காதுன்ற அளவுக்கு வந்துட்டான். இளமைக்காலம்னு இதுக்கு மேல பெருசா ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல மனசு பாதிச்சுது, அது இதுன்னு வீடியோல மியூசிக் போட்டு சொல்றாங்க, எனக்கு அதெல்லாம் தேவையே இல்லன்னு தோணுது, அந்த நேரம் ஊர் எப்படி இருந்துச்சுன்னு பாத்தாலே பாதி புரியும். 87 ஆரம்பத்துல எம்.ஜி.ஆர் அரசு சாராயக்கடை கள்ளுக்கடை ரெண்டையும் மூடிடுச்சு, கடைய மூடினா குடிக்கிறவன் குடிய விட்டுருவானா, அந்தக் காசு பூரா கள்ளச்சாராயக்காரன் கைக்கு போச்சு. அதே வருஷம் டிசம்பர்ல எம்.ஜி.ஆர் போயிட்டாரு, அடுத்த மாசமே ஜானகி அம்மா ஆட்சி கலைஞ்சுது, 88 பூரா கவர்னர் ஆட்சி. அவன் மேல நிரூபணமான கொலையெல்லாம் இந்தக் காலகட்டத்துல நடந்ததுதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஒம்பது பொண்ணுங்கள கடத்தி கொன்னான்னு எல்லாரும் எழுதறீங்க. கோர்ட்ல அவன் மேல இருந்தது ஆறு கொலை. செத்ததுல ஒருத்தர்தான் பெண், மீதி அஞ்சு பேரும் ஆம்பளைங்க. அவன் கூட இருந்த பொண்ணு, அவள கூட்டிட்டு போனவன், தொழில் நடக்குற எடத்துல வந்து தகராறு பண்ணவங்க, இப்படித்தான். பொணத்த எரிச்சும் மறைச்சாங்க, வீட்டுக்குள்ளயே புதைச்சு மேல பூசியும் மறைச்சாங்க. தனியா ராத்திரில அலைஞ்சு ஆள் தேடி கொல்றவன் கதை இல்ல இது, ஒரு கும்பல் தன் தொழில காப்பாத்திக்க பண்ண கொலைங்க. தம்பி மோகன்ல இருந்து கூட்டாளிங்க வரைக்கும் சேர்ந்து பண்ணது. நான் அவனுக்கு வக்காலத்து வாங்கறேன்னு கமெண்ட்ல வந்துடாதீங்க. ஆறு குடும்பத்த நாசம் பண்ணவன், அவனுக்காக ஒரு சொட்டு கண்ணீர் எனக்கு கிடையாது. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்கன்னு மட்டும்தான் கேக்கறேன், ஏன்னா நீங்க சொல்ற கதைல ஆட்டோல ஏறுற எல்லா பொண்ணுக்கும் ஆபத்து, அந்தக் கதையாலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியாம போச்சு.

எங்கப்பா வண்டி வாடகை வண்டி. கருப்பு மஞ்சள் பெயிண்ட், கைல லிவர இழுத்து ஸ்டார்ட் பண்ணணும், மழை நாள்ல பத்து தடவ இழுத்தாதான் புடிக்கும். ஓனர் கிட்ட கெஞ்சி பர்மிஷன் வாங்கி பின்னாடி "சங்கர்"னு அண்ணன் பேர எழுதி வெச்சிருந்தாரு. செவப்பு எழுத்து, ஓரத்துல வெள்ளை கோடு, 'ங்'குக்கு மேல புள்ளி வெக்கற எடத்துல ஒரு சின்ன பூ. எல்லா ஆட்டோவுலயும் புள்ளைங்க பேரு இருக்கும், அந்த மாதிரிதான். என் பேரு ஏன் எழுதலன்னு நான் அழுது அடம் புடிச்சதுக்கு அடுத்த பெயிண்ட்டுக்கு உன் பேருதான்னு சொல்லியிருந்தாரு.

காலைல அவருக்கு ஸ்கூல் சவாரி. பெசன்ட் நகர்ல இருந்து ஏழு புள்ளைங்க, அதுல அஞ்சு பொண்ணுங்க. மாசம் பொறந்தா கைல வர்ற காசு அது ஒண்ணுதான், வீட்டு வாடகை அதுல. மீதி சவாரி ஓனர் வாடகைக்கும் பெட்ரோலுக்குமே சரியா போயிடும்.

கேஸ் வெளிய வந்து பேப்பர்ல தினமும் போட ஆரம்பிச்சதும் மொத வாரம் ஒருத்தவங்க நிறுத்தினாங்க. ஊருக்கு போறோம்னு சொன்னாங்க. அடுத்த வாரம் ரெண்டு பேரு. யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்லல, "இனிமே அவங்க அப்பாவே ஸ்கூட்டர்ல விட்டுடறாராம்"னு சொல்லுவாங்க. ஒரு அம்மா மட்டும்தான் நேராவே சொன்னாங்க, "தப்பா நெனைக்காதீங்க, வண்டில அந்தப் பேர பாத்தாலே எனக்கு வயித்த கலக்குது"ன்னு. அவங்கள நான் இப்பவும் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கும் பொண்ணு இருக்கு, அந்த பயம் என்னன்னு தெரியும்.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா ஒரு பழைய பனியன், ஒரு கிண்ணத்துல மண்ணெண்ணெய், பாதி பிளேடு எடுத்துட்டு வண்டி பின்னாடி உக்காந்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன். மொதல்ல துடைச்சு பாத்தாரு, பெயிண்ட் இளகுச்சே தவிர போகல, எழுத்து பூரா செவப்பா இழுவிக்கிச்சு. அப்புறம் பிளேட வெச்சு சுரண்டினாரு. 'ச'வுல ஆரம்பிச்சு 'ர்' வரைக்கும் வந்துட்டு கடைசியா அந்தப் பூவ சுரண்டினாரு. அண்ணன் வாசப்படில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான், பதிமூணு வயசு, ஒரு வார்த்த பேசல. அவன ஏற்கெனவே ஸ்கூல்ல எல்லாரும் ஆட்டோ சங்கர்னுதான் கூப்புட்டுக்கிட்டு இருந்தானுங்க. சுரண்டின எடத்துல தகரம் தெரிஞ்சுது, மேல மஞ்சள் பெயிண்ட் அடிச்சாரு, ஆனா வெயில் சாய்ஞ்சு அடிக்கும்போது அந்த நாலு எழுத்தும் மேடு பள்ளமா தெரியும். அந்த வண்டிய ஓனர் கிட்ட திருப்பி விடற வரைக்கும் தெரிஞ்சுது. என் பேர எழுதவே இல்ல.

பேர எடுத்தும் போன புள்ளைங்க திரும்பல. அப்பதான் எங்கம்மா ஒரு யோசனை பண்ணாங்க. என்னைய தினமும் காலைல அப்பா கூட வண்டில அனுப்ப ஆரம்பிச்சாங்க. எண்ணெய் வெச்சு ரெட்ட ஜடை பின்னி, யூனிஃபார்ம் போட்டு, முன்னாடி டிரைவர் சீட்லயே அப்பா பக்கத்துல ஒண்டிக்கிட்டு உக்காருவேன். என் ஸ்கூல் நடந்து போற தூரம்தான். எதுக்கு போறேன்னு அப்ப எனக்கு தெரியாது, ஜாலியா இருந்துச்சு, பெசன்ட் நகர் வீட்டு வாசல்ல எல்லாம் வண்டி நிக்கும்போது அந்த அம்மாங்க என்னைய பாப்பாங்க, பேரு கேப்பாங்க, ஒரு தடவ ஒருத்தவங்க பிஸ்கட் குடுத்தாங்க. சொந்தப் பொண்ணு வண்டில இருக்கா, இவன் நல்லவன்தான்னு அவங்களுக்கு காட்டத்தான் என்னைய உக்கார வெச்சாங்கன்னு எனக்கு புரிஞ்சது கல்யாணம் ஆகி எனக்கு ஒரு பொண்ணு பொறந்ததுக்கு அப்புறம்தான். புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. எங்கப்பா என்ன நெனச்சிருப்பாரு, பத்து வயசு மகள நற்சாட்சிப் பத்திரம் மாதிரி பக்கத்துல வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டும்போது?

இப்ப கேஸுக்கு வரேன். 90 ஆகஸ்ட்ல சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த மத்திய சிறையில இருந்தே கூட்டாளிங்களோட தப்பிச்சு போனான், ஒரிசால ரூர்கேலாவுல வெச்சு புடிச்சாங்க. தப்பிக்க உதவி பண்ணாங்கன்னு ஜெயில் வார்டர்களுக்கே தண்டனை கெடச்சுது. 91 மே 31ல செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் தூக்கு குடுத்துச்சு, 92ல ஹைகோர்ட் அத உறுதி பண்ணுச்சு, 94 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்ல அப்பீல் தள்ளுபடி. ஜெயில்ல இருந்தப்ப 300 பக்கத்துக்கு தன் கதைய எழுதினான், அத நக்கீரன்ல போடப் போறோம்னு அறிவிச்சாங்க. ஐ.ஏ.எஸ், ஐ.பி.எஸ் அதிகாரிங்க சில பேருக்கு அவனோட நெருக்கம், சில பேரு குத்தத்துலயே கூட்டுன்னு அதுல இருக்குன்னு பத்திரிகை தரப்பு சொல்லுச்சு. உடனே சிறைத்துறை ஐ.ஜி கிட்ட இருந்து, அதெல்லாம் பொய், போட்டா நடவடிக்கைன்னு லெட்டர் போச்சு. பத்திரிகைக்காரங்க நேரா சுப்ரீம் கோர்ட்லயே கேஸ் போட்டு 94 அக்டோபர்ல தீர்ப்பு வந்துச்சு. பொது ஆவணத்துல இருக்கற வரைக்கும் அவன் சம்மதம் இல்லாமயே போடலாம், அதுக்கு மேல போனாதான் அவன் அந்தரங்கத்துல நுழையற மாதிரி ஆகும், வெளிய வர்றதுக்கு முன்னாடியே தடுக்க அரசாங்கத்துக்கோ அதிகாரிங்களுக்கோ அதிகாரம் கிடையாது, அவதூறுன்னா வெளிவந்ததுக்கு அப்புறம் கேஸ் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டாங்க. 2017ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒம்பது ஜட்ஜ் சேர்ந்து சொன்னாங்களே, அந்தத் தீர்ப்புலயும் இத எடுத்து பேசியிருக்காங்க.

நான் வக்கீல் இல்ல. என் பையன் சட்டம் படிக்கிறான், அவன் பாடத்துல இது வருது, அதான் இவ்வளவு தெரியுது. தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்.

95 ஏப்ரல் 27 விடியக்காலைல சேலம் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. தமிழ்நாட்டுல அதுக்கப்புறம் யாரையும் தூக்குல போடல. அன்னைக்கு ஸ்டாண்டு டீக்கடைல ஒருத்தர் எங்கப்பாகிட்ட "என்னப்பா, உங்க ஆளு போயிட்டானே"ன்னு கேட்டிருக்காரு. சாதாரணமா கேட்டதுதான், தெனமும் பாத்து பழகற ஆளுதான். அப்பா காச வெச்சுட்டு டீய தொடாம வந்துட்டாரு. அந்தக் கடைக்கு அப்புறம் போகவே இல்ல.

என் கல்யாணப் பேச்சு வந்தப்ப புரோக்கர் ஜாதகத்தோட குடுக்கற பேப்பர்ல அப்பா தொழில் "டிரான்ஸ்போர்ட்"னு எழுதினாரு. ஏன் இப்படி எழுதறீங்கன்னு நான் சண்ட போட்டேன், அப்பாதான் விடும்மான்னுட்டாரு. ரெண்டு வீட்டுல உண்மை தெரிஞ்சதும் பின்வாங்கினாங்க. இதெல்லாம் கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னு தெரியும். ஆனாலும் சொல்றேன், மீட்டருக்கு மேல கேக்கறான் ஆட்டோக்காரன்னு திட்டறீங்களே, 2013ல மினிமம் 25 ரூபான்னு அரசாங்கம் வெச்ச ரேட்ட அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல தொடவே இல்ல, இந்தப் பத்து வருஷத்துல பெட்ரோல், ஸ்பேர் பார்ட்ஸ், இன்சூரன்ஸ் எதாவது ஒண்ணு ஏறாம இருந்துச்சா? எங்கப்பா ஒரு ரூபா கூட வாங்கினது இல்லன்னு நான் சொல்ல வரல, வாங்கியிருப்பாரு. கொலைகாரன் பேரோட ஒட்டற அளவுக்கு அந்தத் தொழில் என்ன பண்ணுச்சுன்னுதான் கேக்கறேன். டாக்டர் கொலை பண்ணா அவன் பேருக்கு முன்னாடி ஆஸ்பத்திரின்னு போடறீங்களா? சாராயத்தயும் பொண்ணுங்களயும் வெச்சு சம்பாதிச்சவன் அவன், ஆட்டோ ஓட்டினது அவன் வாழ்க்கைல கொஞ்ச காலம்.

போன வருஷம் பையன் பரீட்சைக்கு சத்தமா படிச்சுக்கிட்டு இருந்தான். கேஸோட நிஜப் பேரு ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, ஆனா காலேஜ்ல எல்லாரும் ஆட்டோ சங்கர் கேஸ்னுதான் சொல்லுவாங்களாம், அவனும் அப்படியே சொன்னான். அப்பா கட்டில்ல படுத்திருந்தவரு எழுந்து உக்காந்துட்டாரு. எழுபத்தாறு வயசு, காது கூட சரியா கேக்காது, அது மட்டும் கேட்டுடுச்சு. "அது என்ன கேஸுடா"ன்னு கேட்டாரு. பையன் பக்கத்துல போய் உக்காந்து எல்லாத்தையும் விளக்கி சொன்னான், 300 பக்கம், ஐ.ஏ.எஸ், ஐ.பி.எஸ், லெட்டர், தீர்ப்பு எல்லாம். பொறுமையா கேட்டுட்டு அப்பா ஒண்ணுதான் கேட்டாரு.

"அந்த ஆபீசருங்க பேரு தீர்ப்புல இருக்கா?"

"இல்ல தாத்தா. சில அதிகாரிகள்னுதான் இருக்கு."

"ஆட்டோன்னு இருக்கா?"

"இருக்கு."

அப்பா திரும்பி படுத்துட்டாரு.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். கேள்விய எடிட் பண்ற வசதி உங்களுக்கு இருக்கும், தலைப்புல "ஆட்டோ சங்கர்"ன்றத எடுத்துட்டு "கௌரி சங்கர்"னு போட முடியுமா? போட்டீங்கன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கப்பாகிட்ட காட்டறேன்.