பழைய எஃப்ஜேஆர் 1300-இன் இடத்தை டிரேசர் 9 ஜிடி நிரப்புமா?

கேள்வி: என்னிடம் 2007-ஆம் ஆண்டு மாதிரி யமஹா எஃப்ஜேஆர் 1300 மோட்டார் சைக்கிள் இருக்கிறது. புதியதாக வாங்கிய நாளிலிருந்து நானே ஓட்டி வருகிறேன்; ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சில காலமாக வளைவுகளில் முன்பிருந்த உறுதி இல்லை, பிரேக் லிவரை அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது, நிறுத்துமிடத்தில் தள்ளித் திருப்புவதற்கே மூச்சு வாங்குகிறது. விற்பனையகத்தில் அதே யமஹாவின் டிரேசர் 9 ஜிடியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தபோது அதன் இலகுவைக் கண்டு வியந்தேன். என் பயணங்களில் பெரும்பாலானவை மனைவியுடன், பக்கப் பெட்டிகள் இரண்டும் நிறைந்த நிலையில், நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் வரை செல்பவை. பழையதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமா?

பதில்: நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் வண்டிக்கு வயதானதால் வந்தவை. மூன்றாவது, அதாவது எடை, வண்டியின் அமைப்பிலேயே இருப்பது. முன்னவற்றைப் பணிமனையில் சரிசெய்துவிடலாம். பின்னதை எந்தப் பணிமனையாலும் சரிசெய்ய முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து மனத்தில் வைத்துக்கொண்டு புதிய வண்டியில் ஏறி அமர்ந்தால், புதியது எல்லா வகையிலும் மேலானதாகத் தோன்றுவது இயல்பே. தேய்ந்த நிலையில் உள்ள ஒரு வண்டியையும், எதுவும் தேயாத ஒரு வண்டியையும் அப்போது நீங்கள் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஒப்பீடு எஃப்ஜேஆரைப் பற்றியும் டிரேசரைப் பற்றியும் உங்களுக்கு மிகக் குறைவாகவே சொல்லும்.

முதலில் வளைவில் உறுதி குறைந்ததை எடுத்துக்கொள்வோம். பின்பக்க ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் சூடேறியும் குளிர்ந்தும் தன் தன்மையை இழக்கிறது. உள்ளே அழுத்தி வைக்கப்பட்ட வாயுவும் மெல்லக் குறைகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை அதைத் திறந்து சீரமைக்கவில்லை என்றால், ஸ்பிரிங்கின் துள்ளலைத் தணிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி போயிருக்கும். இந்தத் தேய்வு ஒரே நாளில் நிகழாததால் ஓட்டுபவர் தன்னை அறியாமலேயே அதற்குப் பழகிக்கொள்கிறார். முன் ஃபோர்க்கின் எண்ணெய், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்குகள், பின்பக்க இணைப்புத் தண்டுகளில் கிரீஸ் வற்றிப்போன பேரிங்குகள் ஆகிய எல்லாமே இதில் பங்கு வகிக்கும். டயரையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டிய டயர், பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்; ஈரச் சாலையில் அதை நம்பக் கூடாது.

பிரேக் லிவர் மெத்தென்று இருப்பதற்குக் காரணம் இன்னும் எளிது. டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். ரப்பர் பிரேக் குழாய்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி யமஹாவின் பராமரிப்பு அட்டவணையே கூறுகிறது. அதைப் பின்பற்றுவோர் அரிது. உங்கள் வண்டியில் 2007-இல் பொருத்திய குழாய்களே இன்னும் இருக்குமானால், லிவரை அழுத்தும்போது அந்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. உங்கள் விரலின் வலு, சக்கரத்தட்டைப் பிடித்து நிறுத்தும் காலிப்பருக்கு முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. இது உடனே கவனிக்கப்பட வேண்டியது. புதிய வண்டி வாங்குவதாக முடிவு செய்தாலும், விற்கும் நாள் வரை நீங்களும் உங்கள் மனைவியும் இந்த வண்டியில்தானே செல்லப்போகிறீர்கள்?

இத்தனை செலவு செய்யுமளவுக்கு அந்தப் பழைய வண்டிக்கு மதிப்பு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கக்கூடும். சீரமைப்புச் செலவை வண்டியின் மறுவிற்பனை விலையோடு ஒப்பிடுவது பரவலாக இருக்கும் வழக்கம். ஆனால் தொடர்ந்து ஓட்ட நினைப்பவருக்கு அது சரியான அளவுகோல் ஆகாது. புதிய வண்டியை வைத்திருப்பதற்கு ஆகும் ஓராண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்: முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேகமாக விழும் அதன் விலை, கூடுதல் காப்பீடு, கடன் இருந்தால் அதன் வட்டி. அந்தத் தொகையோடு சீரமைப்புச் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். டயரும் பிரேக்கும் எப்படியும் செய்ய வேண்டியவை. பிறகு மனம் மாறி வண்டியை விற்றால் திரும்பி வராத செலவு பெரும்பாலும் ஷாக் அப்சார்பர், ஃபோர்க் வேலைக்கானது மட்டுமே.

இனி எடை. இந்தக் குறை உண்மையானது, அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். எரிபொருள் நிரம்பிய நிலையில் உங்கள் எஃப்ஜேஆர் ஏறத்தாழ 290 கிலோ. 2021-இல் வந்த டிரேசர் 9 ஜிடி பெட்டிகள் இல்லாமல் 220 கிலோ. எழுபது கிலோ வேறுபாட்டை முழங்கால்களும் இடுப்பும் ஒவ்வொரு நாளும் உணரும். ஆனால் அந்த எழுபது கிலோ எங்கிருந்து குறைந்தது என்று பார்க்க வேண்டும். 1298 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் இருந்த இடத்தில் 890 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின்; பின்சக்கரத்தைச் சுழல்தண்டால் இயக்கும் ஷாஃப்ட் டிரைவ் இருந்த இடத்தில் செயின்; 25 லிட்டர் டேங்க் இருந்த இடத்தில் அதைவிட ஆறேழு லிட்டர் சிறிய டேங்க்; மோட்டாரால் ஏறி இறங்கும் அகலமான முன் கண்ணாடி இருந்த இடத்தில் கையால் நகர்த்தும் சிறிய கண்ணாடி. உங்கள் பயணங்களில் நீங்கள் அனுபவித்த வசதிகளைச் சுமந்தது அந்த எடைதான். அதே வசதிகளை வேறு வண்டியில் தேடினால் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி போன்ற ஒன்றில் போய் நிற்பீர்கள்: ஷாஃப்ட் டிரைவ், 25 லிட்டர் டேங்க், மின்கண்ணாடி எல்லாம் உண்டு, எடை 279 கிலோ. பத்துப் பதினோரு கிலோ குறைவதற்காக வண்டியை மாற்றுவதில் பொருளில்லை.

உங்கள் பயணத்தின் தன்மையை வைத்துப் பார்த்தால் டிரேசரின் இலகுவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு பேரும் சாமான்களுமாகச் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது எஃப்ஜேஆரின் எடையில் 62 விழுக்காடு. டிரேசரின் எடையில் 82 விழுக்காடு. ஏற்றும் சுமை ஒன்றாகவே இருந்தாலும், இலகுவான வண்டியின் நடத்தையை அது அதிகமாக மாற்றுகிறது. எஃப்ஜேஆரின் திருப்புவிசை ஏறத்தாழ 134 நியூட்டன் மீட்டர்; டிரேசருடையது 93. தனியாகச் செல்லும்போது இந்த வேறுபாட்டை நீங்கள் பொருட்படுத்த மாட்டீர்கள், ஏனெனில் அந்த மூன்று சிலிண்டர் இன்ஜின் மிகவும் உயிர்ப்பானது, கீழ் வேகத்திலிருந்தே நன்றாக இழுக்கக்கூடியது. முழுச் சுமையோடு மேட்டில் ஒரு லாரியை முந்தும்போதுதான், முன்பு த்ராட்டிலைத் திருப்பினாலே போதுமாக இருந்த இடத்தில், இப்போது ஒன்றிரண்டு கியர் குறைக்க வேண்டியிருப்பது தெரியவரும். விற்பனையகத்தைச் சுற்றிய சிறு ஓட்டத்தில் இது எதுவும் வெளிப்படாது.

செயினைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் இட வேண்டும், மழையில் நனைந்தால் அதற்கு முன்பே. உங்கள் கணக்குப்படி அது ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் சில நிமிட வேலை. ஜிடி மாதிரியோடு சென்டர் ஸ்டாண்டு வருவதால் சிரமமும் குறைவு. ஆண்டுக்கணக்கில் ஷாஃப்டின் கியர் ஆயிலை மட்டும் மாற்றிப் பழகியவருக்கு இது எரிச்சலூட்டலாம், அவ்வளவே.

டிரேசரின் பக்கம் நிற்கும் மிக வலுவான காரணத்துக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடிதத்தில் அது இடம்பெறவே இல்லை. உங்கள் வண்டியின் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, சக்கரங்களின் சுழற்சி வேகத்தை மட்டுமே அறியும். வண்டி நிமிர்ந்து செல்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வளைவில் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பில் ஒரு பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடுவதால் பிரேக்குக்குக் கிடைக்கும் மீதி குறைவு. அந்த நிலையில் திடீரென்று அழுத்தினால் சக்கரம் பக்கவாட்டில் நழுவலாம், அல்லது வண்டி தானாக நிமிர்ந்து எதிர்த்தடத்துக்குப் போகலாம். டிரேசரில் உள்ள ஆறு அச்சு உணரி, சாய்வின் அளவை அறிந்து பிரேக் அழுத்தத்தையும் டிராக்‌ஷன் கண்ட்ரோலையும் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) அதற்கேற்பக் கட்டுப்படுத்துகிறது. மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் 1988-இல் பிஎம்டபிள்யூ கே 100-இல் வந்தது. சாய்வை அறியும் ஏபிஎஸ் 2014 மாதிரி கேடிஎம் 1190 அட்வெஞ்சரில்தான் வந்தது. ஆகவே உங்கள் 2007 வண்டியில் அது இல்லாதது குறையன்று. ஆனால் எந்தச் சீரமைப்பாலும் அதைப் பின்னர் சேர்க்க முடியாது. மலைப்பாதைகளிலும் மழையிலும் நீங்கள் அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால், மற்ற எல்லா வசதிகளையும்விட இந்த ஒன்றுக்குத்தான் நான் பணம் கொடுப்பேன். க்ரூஸ் கண்ட்ரோல், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி, வளைவில் ஒளி பாய்ச்சும் விளக்கு ஆகியவை இன்பமானவை. இது உயிரோடு தொடர்புடையது.

டிரேசரின் மின்னணு சஸ்பென்ஷனைப் பற்றியும் ஒரு சொல். தானாக மாறுவது தணிப்பு மட்டுமே. மனைவியும் பெட்டிகளும் ஏறும்போது பின் ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை (சுமை ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் அளவு) நீங்களே கையால் திருகிக் கூட்ட வேண்டும். மேலும், கையேட்டில் குறித்துள்ள அதிகபட்சச் சுமை அளவை வாங்குவதற்கு முன்பே படித்து, உங்கள் இருவரின் எடை, ஹெல்மெட், ஜாக்கெட், சாமான்கள், பெட்டிகளின் வெற்று எடை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சிலருக்கு இந்த ஒரு கூட்டலே முடிவைச் சொல்லிவிடும்.

உங்கள் நிலையில் என் பரிந்துரை, முதலில் பிரேக்கையும் டயரையும் உடனே மாற்றி, பின்னர் சஸ்பென்ஷனைச் சீரமைத்து, அந்த வண்டியில் வழக்கமான நெடும்பயணம் ஒன்றைச் செய்யுங்கள். அதன் பிறகும் நிறுத்துமிடத்தின் சிரமம் மனத்தை உறுத்துமானால், டிரேசரை ஒரு முழுநாள் வாடகைக்கு எடுத்து, மனைவியை அமர்த்தி, பெட்டிகளை நிரப்பி, காற்று பலமாக வீசும் திறந்த நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். பின்னிருக்கையில் 300 கிலோமீட்டர் உட்கார்ந்த பிறகு அவர் சொல்வதற்கு, நீங்கள் முன்னிருக்கையில் உணர்வதைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். மனைவி இனி அதிகம் வரப்போவதில்லை, பெரும்பாலும் தனியாகவே ஓட்டுவீர்கள் என்ற நிலை இருந்தால் என் பதில் தலைகீழாக மாறும்: தயங்காமல் டிரேசரை வாங்குங்கள்.

கேள்வி: இரண்டையும் வைத்துக்கொள்வது அறிவுடைமையா? (மற்றொரு வாசகர்)

பதில்: இடமும் வருவாயும் அனுமதித்தால் ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், எந்தச் சாவியைக் கை தானாக எடுக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஆனால் ஓடாமல் நிற்கும் வண்டியும் பேட்டரி, எரிபொருள், டயர், பிரேக் ஆயில் ஆகியவற்றில் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் எடுக்காத ஒன்றை விற்றுவிடுவதே அந்த வண்டிக்கும் நல்லது.

கேள்வி: புதிய வண்டிக்குப் பதிலாக, எஃப்ஜேஆரின் பிந்தைய மாதிரி ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்கலாமா? (அதே வாசகர்)

பதில்: பழைய எஃப்ஜேஆரை நேசிப்பவர்கள் பலர் எண்ணிப்பாராத வழி இது, என் பார்வையில் மிக நல்ல வழியும் கூட. 2013 மாதிரியிலிருந்து மின்னணு த்ராட்டில், டிராக்‌ஷன் கண்ட்ரோல், க்ரூஸ் கண்ட்ரோல் வந்தன. 2016 மாதிரியில் ஐந்து கியர் ஆறாக உயர்ந்தது, கிளட்ச் இலகுவானது. அதே டேங்க் அளவு, அதே ஷாஃப்ட், அதே காற்றுத் தடுப்பு. எடை குறையாது, சாய்வை அறியும் ஏபிஎஸ்ஸும் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். பார்க்கச் செல்லும்போது இன்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்று சேரும்போது ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். 40,000 கிலோமீட்டர் வாக்கில் வால்வு இடைவெளி பார்க்கப்பட்டதற்கான பணிமனை ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சட்டக எண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கொடுத்து, தயாரிப்பாளர் திரும்ப அழைத்து மாற்றித் தந்த பாகங்கள் ஏதேனும் உண்டா, அந்த வேலை இந்த வண்டிக்கு முடிந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.