ஆப்பில் தெரியாத தேதிகள்

அன்புள்ள சார்,

பட்டுக்கோட்டையில் சில வருடங்களாகத் தனியாக வக்கீல் தொழில் செய்கிறேன். ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. பெரும்பாலும் சிவில், கொஞ்சம் செக் கேஸ். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. இனி வாரத்தில் பாதி நாள் திருச்சியில் இருந்தாக வேண்டும். வீடியோவில் ஆஜராகலாம், இ-ஃபைலிங் இருக்கிறது என்று நண்பர்கள் தைரியம் சொல்கிறார்கள். வக்கீல் அலுவலகங்களுக்கென்றே விற்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வருடச் சந்தா கொஞ்சம் அதிகம். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா சீக்கிரம் தேறி வரட்டும்.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். முதலில் உங்கள் குமாஸ்தாவோடு உட்காருங்கள். எந்த வழக்கில் பேட்டா (சம்மன், நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணம்) கட்டவில்லை, எந்த மனு குறை சொல்லி ரிட்டர்ன் ஆகிக் கிடக்கிறது, எந்த நகல் மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் சிறிய அலுவலகங்களில் ஒரே ஒருவரின் தலைக்குள்தான் இருக்கும். பக்கத்து அறையில் இருந்தால் ஒரு குரல் கொடுத்துக் கேட்டுவிடலாம். திருச்சியிலிருந்து கூப்பிடும்போது அவர் கோர்ட் செக்‌ஷனில் நின்றுகொண்டிருப்பார், போனை எடுக்க முடியாது. அவர் தலையில் இருப்பது முழுவதும் எழுத்துக்கு வராமல் நீங்கள் ஊரை விட்டு நகரக் கூடாது.

வாய்தா பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். இ-கோர்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையும் (வழக்குக்குக் கோர்ட் தரும் தனி அடையாள எண்) போட்டுச் சேமித்துவிட்டால், அடுத்த தேதியும் அது எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். காசு கிடையாது. சில நாள் தாமதமாக ஏறும் என்பதால், கோர்ட்டை விட்டு வெளியே வரும்போதே ஜூனியர் தேதியை எழுதிவிட வேண்டும்.

என் பயமெல்லாம் அந்த ஆப்பில் வராத தேதிகளைப் பற்றித்தான். கோர்ட் கொடுத்த தேதி மட்டுமே அதற்குத் தெரியும், லிமிடேஷன், அதாவது சட்டம் வைத்திருக்கும் கெடு, தெரியாது. உங்கள் செக் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கட்சிக்காரருக்குக் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் எதிராளி கைக்குப் போய் 15 நாளில் பணம் வரவில்லையென்றால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. நோட்டீஸ் தாமதத்துக்கு அப்படி எதுவும் இல்லை. செக்கின் 3 மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி பேங்கில் போட்டுப் பார்க்கலாம். அதுவும் போய்விட்டால் 138-ஆவது பிரிவில் செக் கேஸ் போடும் வழி போய்விட்டது, பணத்துக்கு சிவில் கோர்ட்தான். இத்தனை நாட்களும் ஓடும்போது அந்த வழக்குக்கு நம்பரே கிடையாது, எந்தக் கோர்ட்டின் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. இருப்பதெல்லாம் உங்கள் மேஜை மேல் செக் திரும்பியதற்குப் பேங்க் தந்த ஒரு ரிட்டர்ன் மெமோ, ஒரு தபால் ரசீது, திரும்பி வரவேண்டிய அக்னாலட்ஜ்மென்ட் அட்டை. நீங்கள் திருச்சியில் இருக்கும் நாளில் அந்த அட்டை வந்து டிராயருக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிவிலிலும் இதே கதைதான். எழுத்துமூலப் பதிலுரைக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. அது சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. கட்சிக்காரர் படியேறி வந்ததும் "எந்தத் தேதியில் சம்மன் வாங்கினீர்கள்?" என்று முதலில் கேட்கும் பழக்கம் ஜூனியருக்கு வர வேண்டும். முன்சீப் கோர்ட் டிக்ரிக்கு மேல் அப்பீல் 30 நாள், ஹைகோர்ட்டுக்குப் போகும் அப்பீல் என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் இந்தக் கணக்கில் கழியும். ஆனால் நகல் மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் கையில் இருந்தால்தான் அந்தக் கணக்கையே போட முடியும்.

இதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும். கட்சிக்காரர் பெயர், என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து நாள் ஓடுகிறது, கடைசி நாள், யார் பொறுப்பு. கடைசி நாளை ஒருவர் எழுதினால் இன்னொருவர் கணக்குப் பார்த்தே தீர வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலைப்புகள் தமிழிலேயே இருக்கட்டும். குமாஸ்தாவுக்குப் போனில் எழுத வரவில்லையென்றால், நோட்டில் எழுதி தினமும் சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பட்டும், ஜூனியர் ஏற்றிக்கொள்வார். தபால் எது வந்தாலும், பிரித்த கவரோடு அன்றைக்கே ஸ்கேன் ஆக வேண்டும்.

வீடியோ விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் வழிமுறை வகுத்தது. நீதிபதி அனுமதித்தால் சின்ன மனுக்களில் அப்படியே வாதாடிவிடலாம். குறுக்கு விசாரணைக்கு மட்டும் நேரில் போங்கள். சாட்சி பதில் சொல்வதற்கு முன் யார் முகத்தைப் பார்க்கிறார் என்பது ஸ்கிரீனில் தெரியாது. கிராஸ் தேதிகளைப் பட்டுக்கோட்டையில் இருக்கும் நாட்களாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். புதுக் கட்சிக்காரரையும் முதல் தடவை நேரில்தான் பார்க்க வேண்டும், சொத்து வழக்கென்றால் கட்டாயம். தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் கருத்துச் சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கட்சிக்காரரிடம் பேச வேண்டி வரும், புரிகிறது. அவர் நம்மிடம் சொல்வது ரகசியம். முன்பு சாட்சியச் சட்டம் 126-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132. குமாஸ்தாவையும் அது கட்டுப்படுத்தும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலான அலுவலகங்களில் யாரும் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஆவணங்களை அங்கேயே கிடக்க விடாமல் அன்றன்றைக்கு வழக்கு வாரியாக எடுத்து வையுங்கள். அந்த மெசேஜே சாட்சியம் என்றால், போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் உடனே சொல்லிவிடுங்கள். மின்னணுச் சாட்சியத்தோடு கொடுக்க வேண்டிய, அதே புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழுக்கு அந்தப் போன் வேண்டும்.

சந்தாவுக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கிவிட்டு, மீதியைக் குமாஸ்தாவின் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள். தபாலைப் பிரிப்பது, தேதியைப் பதிவது, உங்களைக் கூப்பிட்டுச் சொல்வது என்று வாரத்தில் பாதி நாள் அலுவலகத்தை இனி அவர்தானே பார்த்துக்கொள்ளப் போகிறார்.