சிங்க்குக்கு அடியில் கசியும் ஆங்கிள் வால்வு: கேள்வி பதில்

கேள்வி: சமையலறை சிங்க்குக்குக் கீழே, சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. புதிதாக மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: மாற்றுவதற்கு முன், எங்கே கசிகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். வால்வை ஈரமின்றித் துடைத்துவிட்டு, கைப்பிடியின் அடிப்பகுதி, சிங்க் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் கனெக்‌ஷன் பைப்பின் நட்டு, சுவருக்குள் செல்லும் மரை ஆகிய மூன்று இடங்களிலும் டிஷ்யூ காகிதத்தைத் தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் வால்வின் மேலாக வழிந்து வந்து தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும் என்பதால், சொட்டும் இடமே பழுதான இடம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் நனையும் இடமே பழுதுள்ள இடம்.

கேள்வி: எனக்குக் கைப்பிடியைச் சுற்றித்தான் கசிகிறது. பழைய பித்தளை வால்வு.

பதில்: கைப்பிடிக்குக் கீழே, அதோடு சேர்ந்து சுழலும் தண்டான ஸ்பின்டிலைச் சுற்றி ஒரு நட்டு இருக்கும். அதை ஸ்பேனரால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால், மாடித் தொட்டியின் கேட் வால்வை அடைத்து, சிங்க் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தபின், அந்த நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பை நூல்போலத் திரித்து ஸ்பின்டிலைச் சுற்றி வைத்து மீண்டும் இறுக்குங்கள். அரைச் சுற்றில் மூடும் புதுவகை வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பின்டிலையே மாற்ற வேண்டும். நீளமும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால், பழையதைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கனெக்‌ஷன் பைப் நட்டில் டேப் சுற்றியும் கசிவு நிற்கவில்லையே?

பதில்: அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை அன்று, நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான். டேப்பை அகற்றிவிட்டு வாஷரை மாற்றுங்கள். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் புது வாஷரும் நசுங்கிவிடும்.

கேள்வி: சுவரோடு சேரும் இடத்தில் கசிகிறது. நானே கழற்றலாமா?

பதில்: கழற்றலாம், ஆனால் மிகுந்த நிதானம் வேண்டும். சுவருக்குள் இருப்பது சிபிவிசி எல்போ (பிளாஸ்டிக் வளைவு இணைப்பு) என்றால், பலம்கொண்டு திருகும்போது அதன் பித்தளை மரை பிளாஸ்டிக்கிலிருந்து விடுபட்டுச் சுழலக்கூடும்; பிறகு டைல்ஸை உடைக்காமல் சரிசெய்ய வழியில்லை. வால்வு கழன்று வந்ததும் பழைய டேப்பையும் உப்புப் படிவத்தையும் பிரஷ்ஷால் நீக்குங்கள். மரையின் நுனி உங்களை நோக்கி இருக்குமாறு பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் பொருத்தும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இறுக்கும்போது வால்வின் வாய் நேர்நிலையைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். அப்படித் திருப்பிய இணைப்பு கசியும். கழற்றிப் புது டேப் சுற்றுவதே முறை.

கேள்வி: நொடிக்கு ஒரு சொட்டுதான். கிண்ணம் வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: ஒரு நாளுக்கு 86,400 சொட்டுகள். மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டாலும் நாலு லிட்டரைத் தாண்டுகிறது. கிண்ணம் நிரம்பி வழிந்தால் அலமாரியின் பிளைவுட் உப்பிப் பாழாகும்.

கேள்வி: மாடியில் உள்ள கேட் வால்வை அடைத்தாலும் தண்ணீர் மெல்லியதாக வந்துகொண்டே இருக்கிறது.

பதில்: உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இது வழக்கம், அடைப்பான் உட்காரும் இடத்தில் படிவம் சேர்ந்திருக்கும். நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். அப்போதும் வந்தால், தொட்டி காலியாகும் வரை காத்திருந்து, மோட்டார் போடுவதற்கு முன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.