கிழிந்த வலையும் காலிக் கட்டமும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயாராகிறாள். கணக்கெல்லாம் போட்டுவிடுகிறாள். ஒரு சதுரத்தில் ஒரு மூலையை மட்டும் காலியாக விட்டு, கீழே நாலு படம் கொடுத்து எது பொருந்தும் என்று கேட்கிறார்களே, அதில்தான் தடுமாறுகிறாள். பத்தில் ஆறு தப்பு. நானும் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு நாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா ஐயா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: நாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றுதானே அம்மா கேள்வி போட்டவர் மெனக்கெட்டிருக்கிறார்! சரியான விடை ஒன்று, அதையே கண்ணாடியில் காட்டினது ஒன்று, கால் சுற்று திருப்பினது ஒன்று, ஒரு கோட்டை மட்டும் சத்தமில்லாமல் உருவிவிட்டது ஒன்று. பெரும்பாலும் இந்த நாலுக்குள்தான் சுற்றிவருவார்கள். பிள்ளை எடுத்தவுடன் விடைகளைப் பார்த்தால் குழம்பத்தான் செய்வாள், அதனால் முதலில் இடது கையால் விடைகளை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் காலிக் கட்டத்தை முறைத்துப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அங்கே ஒன்றும் கிடையாது. உங்கள் ஊர்க் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், வீட்டிலேயேகூட யாராவது இருக்கலாம். ஓட்டையையே பார்த்துக்கொண்டு அவர்கள் உட்காருவதில்லை. பிசிறை வெட்டிவிட்டு, ஓட்டையைச் சுற்றி முழுசாக நிற்கிற கண்ணிகளை எண்ணுவார்கள், எங்கே ஊசியைத் தொடங்கி எங்கே முடிக்கணும் என்பது அந்த விளிம்பிலேயே இருக்கிறது. படத்திலும் விளிம்புதான் பேசும். பக்கத்துக் கட்டத்திலிருந்து எத்தனை கோடு வந்து காலிக் கட்டத்தின் ஓரத்தில் முட்டுகிறது, நடுவில் முட்டுகிறதா மூலையிலா, கறுப்பு அடித்த இடம் எதுவரை வந்து நிற்கிறது? முட்டுகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுக்கட்டும். அந்தப் புள்ளிகளுக்கு நேராகக் கோடு இல்லாத படங்களை அடித்துவிடலாம், இதிலேயே இரண்டு, சில சமயம் மூன்று கழிந்துவிடும்.

மிச்சம் இரண்டு நின்றால்தான் கண்ணாடியா, சுழற்சியா என்ற சண்டை. ஒரு படம் சொல்கிறேன், தாளில் வரைந்துகொள்ளுங்கள். பெரிய சதுரம், உள்ளே நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வெளிமூலையிலிருந்து நடுமையத்துக்கு ஒரு சாய்கோடு. மேல் இடது கட்டத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே, மேல் விளிம்பை ஒட்டி ஒரு புள்ளி. கீழ் வலது கட்டத்தில் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு புள்ளி. மேல் வலது கட்டம் காலி. இதுவரை பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் கண்ணாடியில் இரண்டு தடவை, அதாவது இடம்வலமாக ஒரு தடவை மேல்கீழாக ஒரு தடவை காட்டினாலும் சரி, அரைச் சுற்று சுற்றினாலும் சரி, எதிர் மூலையில் வந்து விழுவது ஒரே படம்தான். துப்பு கீழ் இடது கட்டத்தில் இருக்கிறது. அங்கே புள்ளி கீழ் விளிம்பில் இருந்தால் இது கண்ணாடிப் படம், காலிக் கட்டத்தில் புள்ளி மேல் விளிம்பை ஒட்டி வரும். இடது விளிம்பில் இருந்தால் புள்ளி சுற்றிக்கொண்டு போகிறது, காலிக் கட்டத்தில் அது வலது விளிம்பை ஒட்டி வரும்.

இவ்வளவையும் நான் ஒரு மாலை வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது, பாம்பன் பக்கத்துச் சின்னப் பெண் ஒருத்தி வினாத்தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்து, காலிக் கட்டம் இருந்த மூலைக்கு இப்போது எந்தக் கட்டம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விடையைச் சொல்லிவிட்டாள். எனக்கு வாயடைத்துப்போனது. கண்ணாடியோ சுழற்சியோ, இரண்டுக்கும் அது சரியாகத்தான் வரும், மேலே சொன்ன படத்திலேயே செய்து பாருங்கள். ஒரே ஒரு சோதனை மட்டும் முன்னால் செய்ய வேண்டும்: மிச்சம் இருக்கிற எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கின்றனவா? இருந்தால் தாராளமாகத் திருப்பலாம். இல்லை என்றால் படம் இடம்வலமாக மட்டும் அல்லது மேல்கீழாக மட்டும் கண்ணாடி, இல்லையேல் ஒரே படம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அப்போது பக்கத்துக் கட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

கண்ணாடிக்கும் இடமாற்றத்துக்கும் வித்தியாசம் மகளுக்குப் பிடிபடவில்லை என்றால் பாம்பன் பாலத்தைச் சொல்லுங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கத்துத் துண்டுகளும் இரண்டு கை மாதிரி மேலே எழுந்தன, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். 2025-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது, திரும்புவதும் இல்லை, சாய்வதும் இல்லை, இடம் மட்டும்தான் மாறுகிறது.

என்.எம்.எம்.எஸ்.ஸில் இந்தப் படங்கள் வருகிற மனத்திறன் தாளில் 90 நிமிடத்துக்கு 90 கேள்வி, தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் வெறுமனே விட்டுவிட்டு வர வேண்டாம். உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை நாலு வருடம் என்றால் 48,000. இந்த ஆறு தப்பைத் திருத்த மெனக்கெடலாம் அம்மா.

கேள்வி: மத்தியக் காவல் படைகளில் காவலர் வேலைக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. தேர்வுக்குப் படிக்கிறேன். தாளைத் திருப்பிப் பார்த்தே பழகிவிட்டேன். ஆனால் அது கம்ப்யூட்டர் தேர்வு, மானிட்டரைத் திருப்ப முடியாதே, என்ன செய்ய?
– கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: தம்பி, மானிட்டருக்குப் பதிலாகக் கழுத்தைத் திருப்புகிறவர்களைத் தேர்வு மையத்தில் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். 60 நிமிடத்தில் 80 கேள்வி, ஒன்றுக்கு 45 விநாடிதான். முழுப் படத்தையும் மனசுக்குள் தூக்கிச் சுற்ற நேரம் கிடையாது. ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு புள்ளியோ அம்பு முனையோ, கட்டத்தைக் கடிகாரமாக நினைத்து அது எத்தனை மணியில் இருக்கிறது என்று பாருங்கள். 2 மணியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத் திசையில் கால் சுற்று என்றால் 3 கூட்டு, 5 மணி. தலைகீழ், அதாவது அரைச் சுற்று என்றால் 6 கூட்டு, 8 மணி. இடம்வலக் கண்ணாடி என்றால் 12-இல் கழி, 10 மணி. நீர் பிம்பம், அதாவது மேல்கீழ்க் கண்ணாடி என்றால் 6-இல் கழி, 4 மணி. கழிக்க முடியாவிட்டால் 12 சேர்த்துக்கொண்டு கழிக்க வேண்டியதுதான். மணி பொருந்தாத விடைகளைத் தள்ளிவிட்டு, இன்னும் இரண்டு நின்றால் அடுத்த அடையாளத்துக்குப் போங்கள். ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தப்புக்குக் கால் மதிப்பெண்தான் போகிறது என்பதால் இரண்டைத் தள்ளிய பிறகு யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது நஷ்டம், ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: இந்தப் படங்களைப் போடத் தெரியாதவன் அறிவில்லாதவனா?
– வாசகர், மண்டபம்

பதில்: கோபமாகக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது! இல்லை. காலிக் கட்டத்தை நிரப்பும் இந்த வகைச் சோதனையை இங்கிலாந்தில் ரேவன் என்பவர் 1938-இல் வெளியிட்டார், படம் மட்டும் என்பதால் பாஷை தெரியாதவரையும் சோதிக்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் இருநூறு படம் ஏற்கெனவே போட்டுப் பார்த்த பிள்ளையும் முதல் தடவையாகப் பார்க்கிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் பிள்ளைதான் கெட்டிக்காரனாகத் தெரிவான். வாசலில் சிக்குக் கோலம் போடுகிற அக்காவிடம் பாதிக் கோலத்தைக் காட்டி மிச்சத்தைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தாளை மடித்து ஓட்டை போட்டு, விரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்களே, அதற்கும் இதே முறையா?
– பிளஸ் டூ மாணவி, கீழக்கரை

பதில்: ஏறக்குறைய. ஒவ்வொரு மடிப்பும் ஒரு கண்ணாடி. கடைசியாக மடித்ததை முதலில் விரிக்க வேண்டும், இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, நாலு அடுக்கையும் சேர்த்து ஒரு ஓட்டை போட்டால் விரித்தபின் நாலு ஓட்டை வரும், மடிப்புக் கோட்டின் மேலேயே ஓட்டை விழுந்தால் மட்டும் எண்ணிக்கை குறையும். பழைய காலண்டர் தாள் இருபது, ஒரு கத்தரிக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் முதலில் விடையை ஒரு தாளில் வரைந்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வெட்டிப் பார்த்துவிட்டு வரைந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.