தங்கையின் குரலுக்குப் பெயர் எங்கே?

கேள்வி: நான் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடும் 23 வயதுப் பாடகி. சென்ற ஆண்டு வெளியான என் முதல் ஆல்பம் எதிர்பாராத அளவுக்குப் பேசப்பட்டது. அண்மையில் ஒரு பேட்டியில், ஒரு நிறுவனம் ஆள் பொறுக்கிச் சேர்த்து உருவாக்கிய ஐந்து பெண்கள் கொண்ட பாப் குழுவைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். “அவர்கள் பாடகிகள் அல்ல, அலங்கரித்து நிறுத்திய பொம்மைகள், யாரோ எழுதி யாரோ பாடியதற்கு வாயசைக்கிறார்கள்” என்று மனத்தில் பட்டதைச் சொன்னேன். அன்று முதல் அந்தக் குழுவின் ரசிகர்கள் என்னை வசைபாடுகிறார்கள். மன்னிப்புக் கேட்டுவிடு என்று அம்மா அழுகிறார். கேட்கவே கூடாது, இதே போல இன்னும் இரண்டு பேட்டி கொடு என்கிறார் மேனேஜர். நான் சொன்னது உண்மைதானே? என் ஆல்பம் முழுக்க என் உழைப்பு. வீட்டு அறையிலேயே பதிவு செய்தோம். நான்காவது பாட்டின்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கோரஸில் வரும் மேல்ஸ்தாயி வரிகளை மட்டும் என் தங்கை பாடிக் கொடுத்தாள். வீட்டுப் பிள்ளைதானே என்று பெயர் போடவில்லை. மேடையிலும் அந்த இடம் பதிவு செய்த ட்ராக்கில் ஓடிவிடும். மற்றபடி எல்லாம் நானே. உண்மை பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பதில்: புதிதாகப் பெயர் வாங்கிய ஒருவர் பேட்டியில் வாயைக் கொடுத்துவிட்டு, பிறகு தாயாருக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்று தவிக்கும் கடிதங்கள் எனக்குப் பழக்கமானவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். உங்கள் கடிதத்துக்கு அப்படி எழுத முடியவில்லை. காரணம் அந்தப் பேட்டி அல்ல. தொண்டை கட்டிய கதையைச் சொல்லும் அந்த மூன்று வாக்கியங்கள். மூன்று செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மூச்சு விடாமல் கடந்து போயிருக்கிறீர்கள். தங்கை பாடினாள், பெயர் போடவில்லை, மேடையில் ட்ராக்கில் ஓடிவிடும். நிதானமாக நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வேறொருவர் பாடியதற்கு மேடையில் நின்று வாயசைப்பவர் யார்?

“சில வரிகள் மட்டும்தானே” என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. கோரஸ்தான் கேட்டவர் மனத்தில் தங்கும் இடம். அதிலும் குரல் மேலே ஏறும் வரிகளுக்காகத்தான் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதைப் பாட்டெழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் கேட்பது உங்கள் குரல் அல்ல. சகோதரிகளின் குரல் ஒரே சாயலில் இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவே.

இதற்கு முன் இதைச் செய்தவர்களின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். மில்லி வனில்லி என்ற இருவர் குழுவுக்குச் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது 1990-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. ஆல்பத்தில் இருந்த குரல் அவர்களுடையது அல்ல என்று தெரிந்ததும் அதே ஆண்டு நவம்பரில் அந்த விருது பறிக்கப்பட்டது. அந்த இருவரின் பெயரும் இன்றைக்கும் கேலிக்கு ஆளாகிறது. அந்த ஏற்பாட்டைச் செய்த தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனோ தொடர்ந்து தொழில் செய்தார். உண்மையில் பாடிய சார்ல்ஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் ஆகியோரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவில் 1962-இல் தி கிரிஸ்டல்ஸ் என்ற குழுவின் பெயரில் வெளிவந்து முதலிடம் பிடித்த ஒரு பாட்டை அந்தக் குழு பாடவே இல்லை. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அதை டார்லீன் லவ் என்ற பாடகியையும் அவருடைய தோழியரையும் வைத்துப் பதிவு செய்து, கிரிஸ்டல்ஸ் பெயரை ஒட்டி வெளியிட்டார். பாடியவருக்குப் பெயர் இல்லை. பெயர் பெற்றவர்களோ தாங்கள் பாடாத பாட்டை ஊர் ஊராக மேடையில் பாட வேண்டியதாயிற்று. 1990-இல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற குழுவின் பாட்டுக்குக் குரல் கொடுத்த பாடகி மார்த்தா வாஷின் கதையும் இதுதான். வீடியோவில் வாயசைத்தவர் வேறொரு பெண். மார்த்தா வாஷ் வழக்குத் தொடுத்த பிறகுதான் அவருடைய பெயர் சேர்ந்தது.

மார்த்தா வாஷுக்கு வழக்குப் போட வழி இருந்தது. உங்கள் தங்கைக்கு அது கிடையாது, ஏனென்றால் எதிராளி அக்கா. குடும்பம் என்ற சொல்லை நம்மில் பலர் பயன்படுத்துவதே இதற்குத்தான். வெளியாளாக இருந்திருந்தால் கூலி பேசியிருப்பீர்கள், பெயர் போட்டிருப்பீர்கள், ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். வீட்டுப் பிள்ளை என்பதால் எதையும் செய்யவில்லை. உறவு என்றால் கடமை கூட வேண்டும் என்றே நான் நம்புகிறேன். குறைக்கலாம் என்று நினைப்பவர்கள் உறவைச் சுரண்டுகிறார்கள், அது அக்காவாக இருந்தாலும் சரி, பெற்றவராக இருந்தாலும் சரி. உங்கள் அம்மாவையும் இதில் நான் விட்டுவைக்கப் போவதில்லை. அந்த ஐந்து பெண்களுக்காக அழுகிறவர், தம் வீட்டில் இளையவள் பாடியது மூத்தவள் பெயரில் போனபோது என்ன சொன்னார்? நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்றே ஊகிக்கிறேன். மூத்த பிள்ளை மேலே வரட்டும், சின்னவள் அனுசரித்துப் போவாள் என்று நினைக்கும் வீடுகளில் அந்தச் சின்னவள் நாற்பது வயதில் என்ன மனநிலையோடு இருப்பாள் என்பதை எனக்கு வரும் வேறு கடிதங்கள் சொல்கின்றன.

தங்கை ஒன்றும் கேட்கவில்லையே என்பீர்கள். கேட்காதது சம்மதம் ஆகாது.

இனி அந்தப் பேட்டிக்கு வருவோம். தயாரிக்கப்பட்ட பாப் இசை என்ற வகை உண்டு, அதில் குறைகளும் ஏராளம். அதை விமர்சிக்க உங்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் உருவாக்கியவர்களை விட்டுவிட்டு, உருவாக்கப்பட்டவர்களை அடித்திருக்கிறீர்கள். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவை ஆள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய லூ பெர்ல்மன், தன்னைக் குழுவின் ஆறாவது உறுப்பினராகக் கணக்குக் காட்டி, அவர்களுடைய வருமானத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். அந்த இளைஞர்கள் 1998-இல் அவர்மீது வழக்குப் போட வேண்டியதாயிற்று. வேறொரு மோசடிக்காக 2008-இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தென்கொரியாவில் 2009-இல் டிவிஎக்ஸ்க்யூ என்ற குழுவின் ஐவரில் மூவர், 13 ஆண்டு ஒப்பந்தம் அநியாயம் என்று நீதிமன்றம் சென்றனர். அதே ஆண்டில்தான் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் கலைஞர் ஒப்பந்தங்களுக்கு ஏழு ஆண்டு வரம்புடைய மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. நீங்கள் பொம்மை என்ற அந்த ஐந்து பெண்கள் என்ன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அவர்களில் யாருடைய சம்பாத்தியத்தில் யாருடைய வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்த குழு என்பதாலேயே அவர்களுக்குச் சொந்த புத்தி இல்லை என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண்கள் குழுவினர் 1994-இல் ஒரு பத்திரிகை விளம்பரம் மூலம் சேர்க்கப்பட்டவர்கள்தாம். தங்களைச் சேர்த்த மேலாளர்களிடமிருந்து அடுத்த ஆண்டே விலகினார்கள், அதற்குப் பின் வந்த மேலாளரையும் 1997-இல் தாங்களே நீக்கினார்கள். 1966-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக நான்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய தி மங்கீஸ் குழுவின் தொடக்க இசைத்தட்டுகளில் இசைக்கருவிகளைப் பெரும்பாலும் வேறு ஆட்களே வாசித்தார்கள். அந்த உண்மையைப் பத்திரிகைகளிடம் போட்டு உடைத்தவர் வெளியாள் ஒருவர் அல்லர். குழுவின் உறுப்பினர் மைக்கேல் நெஸ்மித். 1967-இல் அவர்கள் தாங்களே வாசித்து ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். மனத்தில் பட்டதைச் சொன்னேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, நெஸ்மித் தன்னைப் பற்றிச் சொன்னார், நீங்கள் பிறரைப் பற்றிச் சொன்னீர்கள்.

அடுத்தவர் எழுதிய பாட்டைப் பாடுவதும் குற்றம் இல்லை. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, அங்கு கண்ட முறையை மனத்தில் வைத்தே 1959-இல் தொடங்கிய தம் இசை நிறுவனத்தை நடத்தினார். எழுதுவதற்கு ஒரு குழு, வாசிப்பதற்கு ஒரு குழு, மேடையில் நிற்கவும் நடக்கவும் கற்றுக்கொடுக்க ஒருவர் என்று எல்லாம் பிரித்து வைத்திருந்தார். மோட்டவுன் என்ற அந்த நிறுவனத்தின் பாட்டுகளைப் போலி என்று இன்று யாரும் சொல்வதில்லை. அங்கும் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு: அத்தனை வெற்றிப் பாட்டுகளுக்கும் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்களின் பெயர் 1970-களின் தொடக்கம் வரை ஆல்பம் உறைகளில் பெரும்பாலும் இடம்பெறவே இல்லை. பலர் சேர்ந்து செய்தார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, செய்தவர்களை மறைத்ததில்தான் ஆட்சேபம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டு அறைக்கும் அந்த நிறுவனங்களின் ஸ்டூடியோவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் மேனேஜர் இன்னும் இரண்டு பேட்டி கொடு என்கிறாரே, அது ஏன் என்று யோசித்தீர்களா? துணிந்து பேசும் புதுப் பாடகி என்பதும் சந்தையில் நன்றாக விலைபோகும் சரக்கு. 2009-இல் பிரிட்டனில், போட்டி நிகழ்ச்சியில் வென்ற பாடகருக்குக் கிறிஸ்துமஸ் வார விற்பனைப் பட்டியலின் முதலிடம் போய்விடக் கூடாது என்று மக்கள் இயக்கம் நடத்தி, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பழைய பாட்டை வாங்கிக் குவித்து வெற்றியும் பெற்றார்கள். தோற்ற பாட்டும் வென்ற பாட்டும் சோனி மியூசிக்கின் கீழ் இயங்கிய நிறுவனங்களுடையவை. உங்கள் ஆல்பத்தை விநியோகிப்பவர் யார், அந்தப் பெண்களுடையதை விநியோகிப்பவர் யார் என்று இன்றே விசாரித்துப் பாருங்கள். விடை என்னவாக இருந்தாலும், யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போடலாம்.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் தங்கையிடம் பேசுங்கள். “உனக்குப் பரவாயில்லைதானே” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எந்தத் தங்கையும் இல்லை என்று சொல்லமாட்டாள். “உன் பெயரைச் சேர்க்கப் போகிறேன், எந்தப் பெயரில் சேர்க்கட்டும்” என்று கேளுங்கள். வெளியான பாட்டின் விவரங்களை விநியோகஸ்தர் மூலம் திருத்த முடியும். அந்தப் பாட்டில் குரல் கொடுத்தவர்களின் வரிசையில் தங்கையின் பெயர் வரட்டும். பணத்தையும் பேசுங்கள். அமெரிக்காவில் டிஜிட்டல் ஒலிபரப்புக்காக வசூலாகும் தொகையில் பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதமும் முதன்மைக் கலைஞருக்கு 45 சதவீதமும் போக, மிச்சம் 5 சதவீதம் பின்னால் நின்று பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. பிற நாடுகளிலும் இப்படிப் பங்கு பிரித்துத் தரும் அமைப்புகள் உண்டு. உங்கள் தங்கை எங்கும் பதிவு செய்யப்படாததால் அந்தப் பங்கு எதுவாயினும் அவள் கைக்கு வரப்போவதில்லை. இதுவரை வந்ததில் அவளுக்கு உரியதைக் கணக்குப் போட்டு அவள் பெயரில் போடுங்கள். அவள் 18 வயது நிரம்பாதவளாக இருந்தால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அந்த வேலையைக் கொடுங்கள், அழுவதைவிட உபயோகமானது.

மேடைக்கும் இதே நியாயம்தான். அந்த வரிகள் உங்கள் தொண்டைக்கு எட்டாவிட்டால் சுருதியை இறக்கிப் பாடுங்கள், அல்லது மெட்டை அந்த இடத்தில் மாற்றுங்கள், மெட்டு உங்களுடையதுதானே. தங்கைக்கு விருப்பமிருந்தால் பக்கத்தில் மைக்கோடு நிற்கட்டும், விருப்பமில்லாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. அவள் குரல் ஸ்பீக்கரில் ஓட, நீங்கள் வாயசைப்பது மட்டும் இனி நடக்கக் கூடாது.

இவை முடிந்த பிறகு அந்த ஐந்து பெண்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆம், கேட்க வேண்டும். பொம்மை என்றதற்கு, வேலை செய்து பிழைக்கும் ஐந்து பேரை அவமதித்ததற்கு. நிறுவனங்கள் ஆள் பிடித்துக் குழு கட்டும் முறை தவறு என்ற கருத்தைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. அதை எத்தனை மேடையில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். மன்னிப்பைப் பத்திரிகைக்கு அனுப்பாமல் அவர்களுக்கே எழுதுங்கள். அதில் உங்கள் நான்காவது பாட்டைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். வெளியே தெரிந்தால் என் பெயர் என்னாகும் என்று பயப்படுவீர்கள். தங்கையின் பெயர் வெளிவந்த பிறகு தெரிவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

மேனேஜர் இதற்கெல்லாம் ஒப்பமாட்டார். இப்போது வேண்டாம், அடுத்த ஆல்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். பாட்டின் விவரங்களைத் திருத்தச் சொல்லி அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், தேதியும் குறிப்பிடுங்கள், பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். அதுவரை எந்தப் பேட்டிக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.